டிசம்பர் 3 மட்டும் போதுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்னைக்கு எங்க பக்கம் ஒரு மண்டபத்துல விழா வச்சாங்க, யாரு வச்சதுன்னு சொல்லல விடுங்க. மைக் செட் சத்தம் காதைக் கிழிக்குது, பேச வந்தவங்க பேசிக்கிட்டே இருக்காங்க, ஆட்டிசம் உள்ள ஒரு தம்பி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உக்காந்துட்டான், அவனைப் பிடிச்சுத் திருப்பி வாயில கேக்கை வச்சு போட்டோ எடுத்தாங்க. தம்பிக்கு வயசு 26. மைக்ல "குழந்தைங்க எல்லாம் கை தட்டுங்க"ன்னு வேற.

நான் மட்டும் ஒழுங்கான்னு கேட்டா இல்லதான். ராமநாதபுரம் ஜில்லா உச்சிப்புளியில தையல் கடை வச்சிருக்கேன். அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவங்களை மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை அரியமான் கடற்கரைக்குக் கூட்டிட்டு வர்ற சில குடும்பங்களோட நாலு வருசமா நானும் போறேன். மொத நாள் நாப்பது வயசு அண்ணன் ஒருத்தருக்கு சூடை மீன் குழம்பு, முள்ளு குத்திரக்கூடாதேன்னு நானே எடுத்து ஊட்டப் போனேன். மனுசன் தட்டை மெதுவா இழுத்துக்கிட்டாரு, மீனை வகுந்து நடுமுள்ளை ஒரே இழுப்புல எடுத்து ஓரமா வச்சுட்டு சாப்பிட ஆரம்பிச்சுட்டாரு. நான் எடுத்த முள்ளுல பாதி சதை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அவங்கம்மா சிரிப்பை அடக்க முடியாம "கரைவலை வீட்டுப் புள்ளைக்கா முள்ளு எடுக்குற"ன்னாங்க.

ஸ்பெஷல் ஸ்கூல், தெரப்பின்னு 18 வயசு வரைக்கும் எங்கயாவது போய் வர்றாங்க, அதுக்கப்புறம் வீடுதான். கல்யாணம் காட்சின்னாகூட ஒருத்தர் காவலுக்கு இருந்துக்கிட்டு இவங்களை விட்டுட்டுத்தான் போறாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கலை, பொழுதுபோக்குக்குன்னே 29-வது பிரிவு இருக்கு, எங்க ஊர்ல அதைச் சொன்னா சிரிப்பாங்க. போதாததுக்கு பாக்குறவங்க எல்லாம் "ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு ஒரு யோசனை, மனநோய் குணமாகும்னு நம்பிக் கூட்டிட்டுப் போற தர்கா இருக்கிற ஊரு அது. மனநோய் வேற, இது வேறங்க. மனநோய்னா மட்டும் கட்டிப் போட்டுரலாமா, 2001 ஆகஸ்ட்ல அங்க ஒரு மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சப்ப சங்கிலியில கிடந்த 28 பேரு போனதை இந்த ஜில்லாக்காரங்களே மறந்தா எப்படி?

எங்களுக்குக் கிடைச்ச நல்ல ஆளுங்கன்னா மீன்பிடித் தடைக்காலத்துல வர்ற போட்டுக்காரப் பசங்கதான். ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் சும்மா இருக்காங்கல்ல. இடுப்பளவு தண்ணியில கயித்தைப் பிடிச்சு நிப்பானுங்க, இவங்க கயித்துக்கு உள்ள குளிப்பாங்க. யாரையும் கொஞ்ச மாட்டானுங்க, பாவம்னும் சொல்ல மாட்டானுங்க, "அண்ணே அலை வருது குதி"ன்னு கத்துவானுங்க, அவ்வளவுதான். ஜூன் 15 ஆச்சுன்னா கடலுக்குப் போயிடுவானுங்க, தப்பு சொல்ல முடியாது, பொழப்பு. அந்த அண்ணன் மட்டும் ஆடி மாசம் பூரா கரையில நின்னுக்கிட்டு கயிறு எங்க கயிறு எங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. ஐப்பசி, கார்த்திகைன்னா வாடைக்காத்துல இந்தப் பக்கக் கடல் நிக்கவே விடாது, அப்ப யாரு வீட்டு மாடியிலயாவது கூடிக்குவோம்.

இவங்க குளிக்கிற நேரத்துலதான் அம்மாக்கள் நாலு வார்த்தை பேசிக்கிறாங்க. 18 முடிஞ்சா கலெக்டர் தலைமையில இருக்கிற கமிட்டிகிட்ட பாதுகாவலர் சான்று வாங்கணும், இவங்களுக்குன்னே மத்திய அரசு வச்சிருக்கிற நிராமயா இன்சூரன்ஸ்ல வருசத்துக்கு 1 லட்சம் வரைக்கும் வைத்தியச் செலவு கிடைக்கும்ங்கிறதெல்லாம் ரெண்டு பேருக்கு அந்த மணல்ல உக்காந்துதான் தெரிஞ்சுச்சு.

இப்ப கயிறு பிடிக்க ஆள் வேணும். ஒரு தடவை வந்து செல்ஃபி எடுத்துட்டுப் போறவங்க வேணாங்க, மறுமாசமும் அதே மூஞ்சி வரலேன்னா இவங்க தேடுறாங்க, பதில் சொல்லி மாளல. கடைசி ஞாயிறு காலையில 7 மணிக்கு சவுக்குத் தோப்பு பக்கம் இருப்போம். கேக் வேணாம், பழைய துண்டு ரெண்டு இருந்தா எடுத்துட்டு வாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உச்சிப்புளி.