செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பியிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜூன் 5, சுற்றுச்சூழல் நாளில் மரக்கன்று நட்டோம். அக்டோபரில் வன உயிரின வாரத்தையொட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடந்தது. செயற்குழு கூடியபோதெல்லாம் பாதி நாற்காலி காலி.

இனி நீர்நாய்த் திட்டம். ஆற்றோரம் நீர்நாய் போடும் எச்சத்தை, அதாவது மலத்தை, சேகரித்து அது எந்த வகை என்று ஆய்வகத்தில் கண்டறிவதுதான் அது. "எச்சம் பொறுக்கவா சந்தா கட்டுகிறோம்?" என்று சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவர் இன்று வரவில்லை. இருந்தாலும் பதில் பதிவாகட்டும்.

வால்பாறைப் பக்கத்து ஆறுகளில் நீர்நாய் இருப்பது எஸ்டேட் தொழிலாளர்களுக்கு நன்றாகவே தெரியும். அது எந்த நீர்நாய் என்பதுதான் கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையில் மூன்று வகை உண்டு. நம் கண்ணுக்கு அகப்படுவதோ நீரில் முங்கும் முதுகு மட்டும். வால்பாறைப் பகுதியில் சாலையில் அடிபட்டுக் கிடந்த ஒன்றை ஆய்வாளர்கள் மரபணுச் சோதனை செய்த பிறகுதான் அது யுரேசிய நீர்நாய் என்று உறுதியானது. ஆனைமலையில் அந்த வகைக்கு அதுவே முதல் பதிவு, 2018-ல் வெளியானது. இன்னொன்று அடிபட்டுச் சாகும்வரை காத்திருப்பானேன், எச்சத்திலேயே டி.என்.ஏ. இருக்கிறதே என்பதுதான் நம் திட்டம்.

கேமரா வைத்தால் போதாதா என்றார்கள். தானியங்கி கேமராவைத் தட்டி எழுப்புவது உடல் சூடு. நீரிலிருந்து ஏறும் நீர்நாயின் ஈர ரோமம் சூட்டை வெளியே காட்டுவதில்லை. பல நேரம் அது கேமரா முன்னாலேயே நடந்து போனாலும் படம் விழாது.

எச்சம் அப்படியல்ல. ஆற்றோரப் பாறையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடும். கருத்துப் பிசுபிசுவென்று இருக்கும், கிளறினால் மீன் செதில், நண்டு ஓடு. குடலிலிருந்து உதிர்ந்த செல்கள் ஒட்டியிருப்பது மேல்பூச்சில்தான். அதை மட்டும் ஐஸ் குச்சியால் சுரண்டி எத்தனால் குப்பியில் போட வேண்டும், அதுவும் விடிகாலையில். வெயில் ஏறினால் டி.என்.ஏ. சிதையத் தொடங்கிவிடும். வனத்துறை அனுமதி பெற்று, காவலர் ஒருவர் துணையோடுதான் எல்லாம் நடந்தது. ஒரு குச்சியை ஓர் எச்சத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியும், ஒருவர் சிக்கனமாக ஒரே குச்சியால் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டார். அந்தக் குப்பிகள் குப்பைக்குப் போயின.

ஆய்வகத்துக்கு அனுப்பியதில் பாதிக்கு மேல் ஒன்றும் தேறவில்லை. நீர்நாய் எச்சத்தில் இது எங்கும் உள்ள தொல்லை. சில எச்சம் கீரியுடையது. அதுவும் நண்டு தின்னும். தேறியவற்றில் பெரும்பாலானவை, அந்த மூன்று வகையில் ஒன்றான சிறுநக நீர்நாயுடையவை. சரி, மொத்தம் எத்தனை இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு: வகையைச் சொல்ல, செல்லின் உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. போதும், ஒரு செல்லிலேயே நூற்றுக்கணக்கான பிரதிகள் கிடைக்கும். ஒவ்வொரு விலங்கையும் பிரித்தறிய உட்கரு டி.என்.ஏ. வேண்டும். அது செல்லுக்கு இரண்டே பிரதி. சிதைந்த மாதிரியில் ஒரு பிரதி விட்டுப்போய் முடிவு தப்பாக வரலாம் என்பதால் ஒவ்வொன்றையும் பலமுறை சோதிக்க வேண்டும். செலவும் அத்தனை மடங்கு. ஆக, எத்தனை நீர்நாய் என்பது எத்தனை சந்தா என்பதைப் பொறுத்தது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு இருக்கிறது, பெரிதாக இல்லை. திட்டத்துக்கு ஆன செலவில் கணிசமான பகுதி எத்தனாலுக்கும் கூரியருக்கும்தான். என் பெட்ரோலை நான் எழுதவில்லை. சந்தா பாக்கிதாரர் பட்டியலை இங்கே வாசிக்கலாமா என்று யோசித்தேன். தலைவர் வேண்டாம் என்றார்.

மண்டபம் தந்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும், இடம் காட்டிய எஸ்டேட் தொழிலாளர்களுக்கும் நன்றி. குப்பிகளுக்குக் கீரைத் தட்டை விட்டுக்கொடுத்த என் வீட்டு ஃபிரிட்ஜின் சொந்தக்காரிக்குத் தனியாக நன்றி.

வரும் ஆண்டில் மழைக்கு முன்பே ஆறு வற்றியிருக்கும்போது, பாறை வெளியே தெரிகிற காலத்தில் தொடங்க எண்ணம். ஆள் வேண்டும், குப்பி வேண்டும். செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். ஃபிரிட்ஜில் இருப்பதையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டியிருக்கும். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். டீயும் வடையும் அந்த மேசைக்கு அடுத்ததில் வைத்திருக்கிறோம்.