குவாரியில் ஒரு சுவரையாவது விட்டு வையுங்கள்

அரியலூர் வட்டாரச் சிமெண்ட் ஆலை நிர்வாகங்களுக்கும் கனிமவளத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கல்லங்குறிச்சியில் நீங்கள் வெட்டும் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது படிந்தது. சில அடுக்குகளில் கல்லைவிடச் சிப்பிதான் அதிகம். பெரும்பாலும் கிரைஃபியா என்ற சிப்பி வகை. அதன் ஒரு ஓடு தடித்து, குழிந்து, நுனி உள்பக்கம் சுருண்டிருக்கும். மற்றது கிட்டத்தட்டத் தட்டை. உடைந்த ஓரத்தைப் பாருங்கள், ஏடு ஏடாகப் பிரியும்.

கல்லக்குடிப் பக்கம் கதை வேறு. அங்கே 10 கோடி ஆண்டுக்கும் முந்தைய பாறையில், பவளமும் கடற்பாசியும் சேர்ந்து உருவாக்கிய சுண்ணாம்புக்கல் இருக்கிறது. பவளத் துண்டை நனைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால், சின்னச் சின்னக் குழிகளுக்குள் மெல்லிய தடுப்புகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓடுவது தெரியும். சிப்பியில் அது கிடையாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் இரண்டுமே நுரைக்கும். அது சுண்ணாம்பு என்பதோடு அமிலத்தின் வேலை முடிந்தது. எந்த உயிர் என்பதைக் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நல்ல சிப்பிகளை எடுத்து வாரணவாசி அருங்காட்சியகத்தில் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அருங்காட்சியகம் அவசியம்தான். ஆனால் பெயர்த்தெடுத்த சிப்பி தன் பெயரை மட்டும்தான் சொல்லும். இரண்டு ஓடுகளும் சேர்ந்தே கிடக்கின்றனவா? அப்படியென்றால் பெரும்பாலும் வாழ்ந்த இடத்திலேயே புதைந்தவை. நொறுங்கி, மணலோடு கலந்து கிடக்கின்றனவா? அலையோ நீரோட்டமோ அள்ளி வந்து கொட்டியவை. மேல் அடுக்கில் சிப்பி குறைந்து களிமண் கூடினால் கடல் மாறியிருக்கிறது. இதையெல்லாம் படிக்க, அடுக்குகள் அப்படியே தெரியும் குவாரிச் சுவர் வேண்டும். கிரஷருக்குள் போனபின் ஒன்றும் மிஞ்சாது.

உற்பத்தியை நிறுத்தச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கு அதில்தான் சோறு. வெட்டி முடித்தபின் இடத்தை என்ன செய்வது என்று ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் தயாரிக்கிறீர்களே, அதில் சிப்பி அடுக்கு தெளிவாகத் தெரியும் ஒரு சுவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரிவைப் பாதுகாப்பாகச் சீர்செய்து, வேலி போட்டு, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டு, பள்ளி, கல்லூரி மாணவர்களை ஆசிரியரோடு உள்ளே விடுங்கள். அப்புறம், எந்த இடம் என்பதை வெடி வைப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்; நிலவியல் ஆசிரியர்களைக் கூப்பிட்டால் வந்து அடையாளம் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
நிலவியல் ஆசிரியர் ஒருவர், அரியலூர்