கீரிப்பூண்டு பற்றி ஒரு திருத்தம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை விடுப்பு. நான்தான் வகுப்புக்குப் போனேன். அறுப்பு நேரம், பேச்சு தானாகப் பாம்புக்குப் போய்விட்டது. பாம்போடு சண்டை போட்ட கீரி ஓடிப்போய்க் கீரிப்பூண்டில் புரண்டு விஷத்தை முறித்துக்கொள்ளும் என்று என் பாட்டி சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "சார், அந்தச் செடி இல்லாத ஊர்ல கீரி என்ன பண்ணும்?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டேன்.

பிள்ளைகள் இதை வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். அதனால் திருத்தத்தை உங்களுக்கே எழுதுகிறேன். கீரியைக் காப்பது செடியல்ல, அதன் உடம்புதான். நல்லபாம்பின் விஷம், நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மூச்சு நிற்பது அதனால்தான். கீரிக்கு அந்த இடம் சற்று வேறு மாதிரி அமைந்திருப்பதால் விஷம் சரியாக ஒட்டுவதில்லை.

பாட்டி சொன்னதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. 2022 ஜூனில் சுமத்ரா காட்டில் ராக்குஸ் என்ற ஒராங்குட்டான், முகத்தில் பட்ட காயத்துக்கு ஒரு கொடியின் இலையை மென்று சாற்றை விரலால் தடவியது. பிறகு சக்கையையும் மேலே அப்பிக்கொண்டது. ஐந்து நாளில் காயம் மூடிவிட்டது. அங்குள்ள மக்களுக்கும் அது மருந்துக் கொடிதான்.

இதைக் கேட்ட பிள்ளைகள், பிப்ரவரி 28 அறிவியல் தினக் கண்காட்சிக்கு 'விலங்கும் மருந்தும்' என்பதையே தலைப்பாக வைக்கச் சொல்கிறார்கள். சரி என்றேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வீட்டில் பெரியவர்கள் பி.பி. மாத்திரை சாப்பிட்டால், அதன் பெயர் எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என முடிகிறதா பாருங்கள். முடிந்தால் காலி அட்டையைக் கொடுத்தனுப்புங்கள். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷம் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைக் கவனித்து உருவாக்கிய கேப்டோப்ரில், 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவையெல்லாம் அதன் வழியில் வந்தவை. பாம்பு விஷமா என்று பதறி யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! அதில் விஷம் துளியும் இல்லை, ஆலையில் செய்வதுதான்.

உயிருள்ள எதுவும் பள்ளிக்கு வரக்கூடாது. அமெரிக்கப் பாலைவனத்துப் பல்லி ஒன்றின் எச்சிலிலிருந்து சர்க்கரை நோய்க்கு ஊசி மருந்து வந்தது என்று கேட்டுவிட்டு, ஒருவன் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஓணானோடு வந்து நின்றான். மாலையில் வேலியில் விட்டோம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சங்கு பொறுக்கும் பிள்ளைகளையும் கொஞ்சம் கண்டித்து வையுங்கள். கூம்பு நத்தை உயிரோடு இருந்தால் கொட்டும். அந்த இனத்தில் ஒன்றின் விஷத்தைப் பார்த்துச் செய்த கடும் வலிக்கான மருந்து 2004-ல் வந்தது. அதற்காகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டாம்.

அப்புறம், வயலில் யாரையாவது பாம்பு கடித்தால் கீரிப்பூண்டு தேட வேண்டாம். கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் பாம்பிடமிருந்து எடுத்துத் தரும் விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றித்தான் மருத்துவமனையில் போடும் ஊசி மருந்து தயாராகிறது.

காலி அட்டைகளை பிப்ரவரி 20-க்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும். மாத்திரையோடு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்