மாலதி, அந்தப் பேட்டிகளைப் பற்றி

அன்புள்ள மாலதி,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம், சின்னவளுக்குப் பத்தாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி சத்தமே இல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கந்துவட்டி பற்றி மீனவக் குப்பத்துப் பெண்களிடம் நான் பிஎச்டிக்காக எடுத்த பேட்டிகளை, குடும்ப வன்முறை பற்றி ஆய்வு செய்யும் உன் மாணவிக்குத் தரச் சொல்கிறாய். அப்படியே தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பெயரை எடுத்துவிட்டால் போதாதா என்பாய். நேற்று ராத்திரி பீரோவிலிருந்து ஒரு பேட்டியை எடுத்துப் பார்த்தேன். பெயர் இல்லை, எண்தான். ஆனால் வயது, எத்தனை பிள்ளைகள், கணவர் எந்தப் புயலில் போனார், அந்தப் பெண் எந்தச் சந்தையில் கருவாடு விற்கிறார், எல்லாம் இருக்கிறது. அந்தக் குப்பத்தில் யாரிடம் காட்டினாலும் நேராக அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். வட்டிக்காரனைப் பற்றி அவர் அழுதுகொண்டே சொன்னது வரிக்கு வரி இருக்கிறது, அந்த ஆள் இன்னும் அதே தெருவுக்கு வசூலுக்கு வருகிறான்.

ஒன்றுக்கென்று வாங்கியதை வேறொன்றுக்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவில் ஹவாசுபாய் என்று ஒரு சின்னப் பழங்குடி, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழ்பவர்கள். சர்க்கரை நோய் அவர்களை வாட்டியதால், 1990 வாக்கில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டபோது இரத்தம் கொடுத்தார்கள். அதே இரத்தத்தை வைத்து மனச்சிதைவு, நெருங்கிய உறவுக்குள் மணம், முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்றெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்கள். தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்று நம்பும் மக்களிடம், உங்கள் முன்னோர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் கொடுத்த இரத்தத்தை வைத்தே சொன்னால் எப்படி இருக்கும்! 2003இல் அந்த இனத்துப் பெண் கார்லெட்டா டிலூசி அந்தப் பல்கலைக்கழகத்தில், அந்த இரத்தத்தை வைத்துச் செய்த ஒரு முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வழக்குப் போட்டு, 2010இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் என்று முடிந்தது, மிச்சமிருந்த இரத்தமும் திரும்பி வந்தது. படிவத்தில் 'நடத்தை, மருத்துவக் கோளாறுகள்' என்று பொத்தாம் பொதுவாக எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எழுத்தில் சரியாக இருந்திருக்கலாம், ஆனால் அந்த மக்கள் காதில் விழுந்தது சர்க்கரை நோய் மட்டும்தானே.

நானும் குப்பத்தில் பாயில் உட்கார்ந்து, அந்தப் பெண்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "கடனைப் பற்றி மட்டும்தான்க்கா எழுதுவேன்" என்று சொல்லித்தான் ரெக்கார்டரை வைத்தேன்.

பொங்கல் லீவில் உன் மாணவியை அனுப்பு. நானே குப்பத்துக்குக் கூட்டிப் போகிறேன், ஒவ்வொருவரிடமும் கேட்போம். சரி என்பவர்களின் பேட்டி மட்டும் அவளுக்கு. வேண்டாம் என்றால் ஏன் என்று துருவக் கூடாது, அதை மட்டும் முதலிலேயே சொல்லி அனுப்பு.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கலா