லோஃபானியில் எந்தப் பெயரைச் சொல்வது?

ஆசிரியருக்கு,

மாண்டேயர்கள் என்னும் சிறு சமயத்தாரின் நீத்தார் விருந்து பற்றிய கட்டுரையில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது: இறந்தவரை எந்தப் பெயரால் நினைவுகூர்வது என்பது. இராக்கின் தென்பகுதியிலும் ஈரானின் குஜிஸ்தானிலும் வாழும் இம்மக்கள், மரணத்துக்குப் பின் 3, 7, 45-ஆம் நாள்களில் 'லோஃபானி' என்னும் இந்த நினைவு விருந்தை உண்கிறார்கள். ரொட்டி, உப்பு, மீன், பழங்கள், மாதுளை முத்துகள் வைப்பார்கள். கை கழுவி, ரொட்டியைப் பிட்டு, இறந்தவர் பெயரைச் சொல்லித்தான் உண்ண வேண்டும். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஆகாது. பிறந்த நேரம், ராசி பார்த்து வைத்த 'மல்வாஷா' பெயரைத் தாயின் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்; தந்தை பெயர் அங்கே வராது. பெயர் பிசகினால் நினைவுகூரல் உரிய ஆன்மாவைச் சேராது என்பது நம்பிக்கை. லோஃபானியைக் குடும்பத்தாரே நடத்தலாம், இறந்தவரின் ஆன்மாவை ஒளியுலகுக்கு ஏற்றும் 'மசிக்தா' சடங்குக்குத்தான் குருமார் கட்டாயம். 2003 இராக் போருக்குப் பின் ஆஸ்திரேலியா, சுவீடன் என்று சிதறிய குடும்பங்கள் பெரியவர்களின் மல்வாஷாவை இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.