கக்கூஸ் கழுவுன அண்ணங்கள்ல இருந்து கடன் குடுத்த அண்ணாச்சி வரைக்கும் எல்லாருக்கும் நன்றி

குடி பாட்வா அன்னைக்கு, அதாவது மராட்டிக்காரங்க வருசப்பிறப்பு, 2022 ஏப்ரல் 2, மகாராஷ்டிரால கொரோனா கட்டுப்பாடு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, மாஸ்க் கூட இஷ்டம்னா போட்டுக்கோன்னுட்டாங்க. ஜனங்க பழசை மறக்குறதுக்குள்ள இதை எழுதிரணும்னு உக்காந்துட்டேன்.

2020 ஏப்ரல் 1 நாங்க இருக்குற மும்பை தாராவி குடிசைப் பகுதில முதல் கொரோனா கேஸ் வந்தப்போ டிவில பேசுன பேச்சு இருக்கே, இந்த ஏரியாவே காலின்னு முடிவு கட்டிட்டாங்க. ரெண்டு சதுர கிலோமீட்டர் சொச்சத்துல லட்சக்கணக்குல ஜனம், பத்துக்குப் பத்து ரூம்ல ஏழெட்டு பேரு, எங்க போய் தள்ளி நிக்க? அப்புறம் கொரோனாவை அடக்குனதுக்காக ஜூலைல உலக சுகாதார நிறுவனமே பேரு சொல்லிப் பாராட்டுச்சு, ஆளாளுக்கு 'தாராவி மாடல்'னாங்க. பிஎம்சிக்கு, அதாவது மும்பை மாநகராட்சிக்குக் கிடைச்ச பேரு நியாயமான பேருதான், நான் இல்லேங்கல. ஆனா எங்க பக்கம் முக்காவாசி வீட்டுக்கு சொந்த கக்கூஸ் கிடையாது, பொதுக் கக்கூஸ்தான், அதை ஒரு நாளைக்குப் பல தடவ மருந்தடிச்சுக் கழுவுன அண்ணங்க இல்லேன்னா மாடலாவது ஒண்ணாவது. அவங்க போட்டோ எந்தப் பேப்பர்லயும் நான் பாக்கல. முதல் நன்றி உங்களுக்குத்தான்ணே.

அந்த வெயில்ல பிபிஇ கிட்டை மாட்டிக்கிட்டு சந்து சந்தா ஆக்ஸிமீட்டரோட வந்தாரே ஒரு டாக்டர், மராட்டிக்காரர், "மூச்சு வாங்குதா பாட்டி"ன்னு மட்டும் தமிழ்ல கேக்கப் பழகிட்டாரு, எங்க ஆச்சி இன்னும் அவரை விசாரிக்குது. அப்பாவை ராஜீவ் காந்தி ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ்ல தனிமைல வச்சப்போ பக்கத்து ரூம் பாய் வீட்ல ரம்ஜான் நோன்பு, அவங்க நோன்பு திறக்கும்போது எங்களுக்கும் ஒரு தட்டு வந்துரும், சொல்லாமலே.

அப்பா இட்லி வியாபாரம். லாக்டவுன் தளர்ந்து திரும்பப் போனா, வருசக்கணக்கா வாங்குன ஒரு அபார்ட்மெண்ட் சொசைட்டில தாராவி ஆளு உள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க (எங்க இட்லி மட்டும் அதுவரைக்கும் எங்க இருந்து வந்துச்சாம்?). அங்க இருந்த வாட்ச்மேன் அண்ணன்தான் வீடு வீடா கேட்டு கேட்லயே வாங்கிக் குடுத்தாரு, காசு ஒரு ரூபா எடுத்துக்கல.

லோக்கல் ட்ரெயின் 2021 ஆகஸ்ட் 15ல இருந்து ரெண்டு டோஸ் போட்டவங்களுக்குன்னு ஆனப்போ, எங்க சால்ல (ஒத்த ரூம் வீடுங்க வரிசையா இருக்குற கட்டடம்) பாதிப் பேருக்கு சர்டிபிகேட் எடுக்கத் தெரியாது. காலேஜ் படிக்கிற மாடி வீட்டுத் தங்கச்சிதான் ராத்திரி உக்காந்து அத்தனை பேருக்கும் எடுத்துக் குடுத்துச்சு. நல்லா இரும்மா.

அரிசிக்கடை அண்ணாச்சி, வியாபாரமே இல்லாத நாள்லயும் அரிசியும் உளுந்தும் நோட்டுல எழுதிட்டுக் குடுத்தீங்க, ஒரு தடவ கூட எப்பன்னு கேக்கல. இந்த ஞாயித்துக்கிழமை காலைல நம்ம வீட்ல எல்லாருக்கும் இட்லி, சாம்பாருக்குத் தூக்குவாளி கொண்டு வந்துருங்க. அண்ணாச்சி மட்டும் அந்தப் பழைய நோட்டையும் எடுத்துட்டு வரணும், பாக்கியை அப்பா எண்ணி வச்சுட்டாரு.