செவ்வாய், வியாழன் வராத மாணவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகளில் ஒவ்வொரு பேராசிரியரிடமும் இருபது, முப்பது மாணவர்களை வழிகாட்டுதலுக்கென ஒப்படைக்கிறார்கள். ஆனால் அந்தச் சந்திப்பு பெரும்பாலும் செமஸ்டர் முடியும் தறுவாயில், நோட்டில் கையெழுத்து வாங்குவதற்காக நடக்கிறது. அதற்குள் காரியம் கைமீறிவிடுகிறது.

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்புகின்றன. மீன் இறக்க, தரம் பிரிக்க, ஐஸ் போட்டுப் பெட்டி கட்ட வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டும். கல்லூரிக்குப் போகும் பையன் அந்த வேலைக்கு நின்றால் செவ்வாயும் வியாழனும் ஆப்சென்ட். கிழமையைப் பார்க்காமல் முதல் நாள், இரண்டாம் நாள் என்று சுழலும் டே ஆர்டர் முறையில் பாடங்கள் மாறிமாறி வருவதால், பாடம் நடத்துபவர் கண்ணில் இந்தக் கிழமைக் கணக்கு படாது.

செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால், தேர்வெழுதத் தேவையான 75 சதவீத வருகைக்கு 68 நாள் வந்தாக வேண்டும். விடக்கூடியது 22 நாள். வாரம் இரண்டு நாள் விட்டால் பதினோராவது வாரத்தோடு அது தீர்ந்துபோகும். நான்காவது வாரத்திலோ எட்டு நாள்தான் போயிருக்கும். அவனைக் கூப்பிட வேண்டியது அப்போது.

கூப்பிட்டு "ஏம்ப்பா வரல?" என்றால் "உடம்பு சரியில்ல சார்" என்பான். வராத கிழமைகளைக் குறித்து வைத்துக்கொண்டு, "கரையில எத்தனை மணிக்கு வேலை முடியுது?" என்று கேட்டால் உள்ளது வரும். பத்து மணிக்கு முடிந்தால் மதிய வகுப்புக்கு வரலாமே! முற்பகல், பிற்பகல் என்று அரைநாள் கணக்கு வைக்கும் கல்லூரிகளில், 18 வாரத்துக்கு 36 அரைநாள், அதாவது 18 நாள்தான் குறையும். பையன் தேர்வெழுதிவிடுவான். இதை யாரும் எடுத்துச் சொல்லாததால், பாதி நாளுக்குப் போய் என்ன பயன் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

உள்தேர்வையும் கவனிக்க வேண்டும். அதைத் தவறவிட்டவனுக்கு அரியர் எழுதும்போதும் பழைய அக மதிப்பெண்ணே நிற்கிறது. அதில் 25-க்கு 10 இருந்தால் எழுத்துத் தேர்வில் 75-க்கு 30 எடுத்துத் தேறலாம். 5 என்றால் 35 வேண்டும். உள்தேர்வுத் தேதிகளை முன்கூட்டியே வீட்டுக்குப் போனில் சொல்லிவிட்டால், அன்றைக்குக் கரை வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்த கையோடு அடுத்த ஆண்டுக் கட்டணம் வந்து நிற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் ஏறுகிறதா என்று மார்ச் மாதமே பாஸ்புக்கை வாங்கிப் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் வங்கிக் கணக்கின் ஆதார் இணைப்பை முதலில் சரிபார்க்கலாம்.

முப்பது பேரைப் பத்து நிமிடம் வீதம் சந்திக்க ஐந்து மணி நேரம் ஆகும். மதிய உணவு இடைவேளையில் பார்த்துக்கொள்ளச் சொன்னால் நடக்காது. நான்காவது வாரக் கால அட்டவணையிலேயே இதைப் பாடவேளையாகச் சேர்க்குமாறு நம் கடலோரக் கல்லூரி முதல்வர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர்கள் சிலர்,
மண்டபம்.